கடைத் திராட்சை மேல் போட்ட பழி

பிரபு,

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. நம் சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும், நான் நான்கு வருடமாக வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் வீட்டுத்தோட்டக் குழுவிலும் இன்று சாயங்காலம் இதைப் போடப்போகிறேன். அப்பன் மகனுக்கு எழுதுவதை ஊர் ஏன் படிக்க வேண்டும் என்று உனக்குக் கோபம் வரும். காரணம் இருக்கிறது, போகப்போகச் சொல்கிறேன். முதலில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். சுற்றி வளைத்தால் என் தைரியம் பாதி வழியிலேயே இறங்கிப் போய்விடும். போன பங்குனியில் உன் குழந்தை மித்ராவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, அவள் உடம்புக்குள் போன பூச்சிமருந்து உன் மனைவி ரேவதி வாங்கிய திராட்சையிலிருந்து வரவில்லை. நம் தோட்டத்து ராஸ்பெரியிலிருந்து வந்தது. அடித்தவன் நான். திராட்சை என்று சொன்னவனும் நான்தான்.

வருகிற திங்கள்கிழமை நீ வக்கீலைப் பார்க்கப்போவதாக அம்மா சொன்னாள். ஏழு மாதமாக உன் மனைவி குழந்தையோடு பட்டாபிராமில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். நீ சேக்காட்டில் எங்களோடு இருக்கிறாய். ஆவடியில் ரயில் ஏறினால் பத்து நிமிடம்கூட ஆகாது. குழந்தையை உன் மாமியார் கொண்டுவந்து விடுகிறார், திரும்ப அவரே வந்து அழைத்துப் போகிறார். நீ அந்தப் படியை மிதிக்கவில்லை. போன மாதம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாய், "கழுவாத பழத்தக் குடுத்து புள்ளைய சாவடிக்கப் பாத்தவகூட எப்டி நைனா குடும்பம் நடத்துறது?" என்று. நான் ரசம் சோற்றைப் பிசைந்தபடி குனிந்துகொண்டேன். நைனாவுக்கு மனசு சரியில்லை என்று நினைத்து நீ எனக்கு அப்பளம் எடுத்து வைத்தாய். அந்த அப்பளத்தை நான் சாப்பிட்டேன் என்பதை நினைத்தால் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஊரும் படிக்கிறது என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். கல்யாணமான புதிதில் நீயும் ரேவதியும் கொடைக்கானல் போனீர்கள். திரும்பி வரும்போது இரண்டு செடிகள் வந்தன, ஒரு ராஸ்பெரி, ஒரு பிளாக்பெரி. பஸ்ஸில் எட்டு மணி நேரம் ரேவதி அவற்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். முள் குத்திப் புதுப் புடவையில் நூல் பிரிந்திருந்தது. "மாமா தோட்டம் போடுவாருன்னு இவரு சொன்னாரு, அதான் எடுத்தாந்தேன்" என்றாள். அதுவரை எனக்கு யாரும் செடி வாங்கித் தந்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தி இரண்டு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு சால்வையும் சுவர்க் கடிகாரமும்தான் தந்தார்கள்.

மலைச் செடி இந்த வெயிலில் பிழைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள், அதனாலேயே எனக்கு வீம்பு பிடித்தது. நீல டிரம்மை இரண்டாக அறுத்தேன், களிமண்ணை எடுத்து மணலும் தொழு உரமும் மக்கிய இலையும் கலந்தேன், பக்கவாட்டுச் சுவரோரம் பச்சை வலை கட்டினேன், குச்சிகளைச் சாய்த்துக் கட்ட இரும்புக் குழாயில் சட்டம் பற்றவைத்தேன். போர் தண்ணீர் உப்பு, ஊற்றினால் இலையோரம் கருகியது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம் என்று கண்டுபிடித்ததும் நான்தான். "ரேவதி, ஏசிய கொஞ்சம் போடுமா, செடிக்குத் தாகமா கீது" என்று பகல் பன்னிரண்டு மணிக்கு நான் கத்துவதும், அவள் சிரித்துக்கொண்டே போடுவதும், கரண்ட் பில்லைப் பார்த்து நீ தலையில் கை வைப்பதும் நினைவிருக்கும். பிளாக்பெரி முதல் கத்திரி வெயிலிலேயே போய்விட்டது. ராஸ்பெரி நின்றது.

நின்றதே தவிரக் காய்க்கவில்லை. இரண்டு வருடம் ஒரு பூ இல்லை. அதற்கும் நான்தான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. நம் பக்கத்தில் ஐப்பசி மழைக்கு முன்னால் முருங்கையை மொட்டையாக வெட்டிவிடுவோம், இல்லாவிட்டால் காற்றில் முறியும், கம்பளிப்பூச்சி ஏறும். எனக்குத் தெரிந்த கவாத்து அது ஒன்றுதான். அதே அரிவாளால் ராஸ்பெரிக் குச்சிகளையும் தரையோடு வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடம் அரிவாளோடு போனபோது ரேவதி குறுக்கே வந்து நின்றாள். "வெட்டாதீங்க மாமா. இந்த வருசம் வந்த குச்சியில அடுத்த வருசந்தான் காய்க்குமாம். காய்ச்சி முடிச்ச குச்சியத்தான் வெட்டணுமாம். வீடியோவுல பாத்தேன்" என்றாள். "நம்ம ஊட்டு முருங்கைய வீடியோ பாத்தா வெட்டுனோம்?" என்று கிண்டல் பண்ணினேன். ஆனால் வெட்டவில்லை. அடுத்த மாசியில் வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பூத்தது. பங்குனியில் காய் பிடித்து, சிவந்து, பிறகு கறுத்துப் பழுத்தது. குழுவில் படம் போட்டபோது "இரண்டு வருடப் பொறுமையின் பலன்" என்று எழுதினேன். ரேவதியின் பெயரை எழுதவில்லை. என் யோக்கியதை அங்கேயே தெரிந்திருக்க வேண்டும்.

குழுவில் எனக்கு என்ன மரியாதை என்று உனக்குத் தெரியும். யாருடைய கத்தரிக்குப் பூச்சி வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். நானும் ஐந்து நிமிட ஆடியோ அனுப்புவேன், வேப்பெண்ணெய், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், புளித்த மோர் என்று. 'மோர்க்கரைசல் சார்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். கடைத் திராட்சையைப் பற்றி மட்டும் மூன்று ஆடியோ போட்டிருக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரே வசனம்தான், "நம்ம தோட்டத்துல எத வேணா பறிச்சி, கழுவாமயே வாயில போடலாம்." மித்ராவைத் தூக்கிக்கொண்டு செடி செடியாகப் போய் இதைச் சொல்லியே அவளுக்குத் தக்காளி ஊட்டியிருக்கிறேன். ரேவதி இதை ஆயிரம் முறை கேட்டிருப்பாள். நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்கு என்ன காரணம் இருந்தது?

ராஸ்பெரியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை குழுவிலிருந்து பன்னிரண்டு பேர் வருவதாக ஏற்பாடு. புதன்கிழமை காம்புகளில் வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தது, எறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது. மோர் அடித்தேன். வியாழக்கிழமை வேப்பெண்ணெய். வெள்ளிக்கிழமை காலை பழக்கொத்துக்கே பூச்சி வந்துவிட்டது. பன்னிரண்டு பேரும் வந்து மோர்க்கரைசல் சாரின் செடியில் மாவுப்பூச்சியைப் பார்த்துவிட்டுப் போவார்கள் என்று நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை. பூந்தமல்லிப் பக்கம் ஒரு மருந்துக் கடைக்கு, தெரிந்தவன் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் போய் வாங்கி வந்தேன். கடைக்காரர் "பதினஞ்சு நாளிக்கு காய் பறிக்காத அண்ணாத்தே" என்று சொல்லித்தான் கொடுத்தார். அன்று சாயங்காலம் நீங்கள் எல்லோரும் கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தபோது அடித்தேன். ஞாயிறு காலை தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டால் பார்க்க வருபவர்களுக்குத் தெரியாது, பழத்தை யாரும் பறிக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். உங்களிடம் சொல்லியிருக்கலாம். "அந்தப் பக்கம் போகாதீங்க" என்று ஒரு வார்த்தை போதும். ஏன் என்று நீங்கள் கேட்பீர்களே, அதற்குப் பயந்து சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை பிளாஸ்டிக் நாற்காலி சொல்ல ஆவடிக்குப் போய்விட்டு ஒன்பதரைக்குத் திரும்பினேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். ரேவதி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மித்ரா டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ராஸ்பெரி பழுத்தால் நடுவில் குழியாகக் கழன்று வரும், தெரியுமல்லவா? அதை ஒவ்வொரு விரலிலும் தொப்பி போல மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக உறிஞ்சித் தின்றுகொண்டிருந்தாள். வாயெல்லாம் ஊதா. என்னைப் பார்த்ததும் மிச்சமிருந்த இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் வாயையும் கையையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ரேவதி சிரித்தாள். "இன்னா மாமா, கழுவாமயே துன்னலாம்னு நீங்கதான சொல்லுவீங்க? அவ கைய எதுக்கு இப்டித் தேய்க்கிறீங்க?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாலைந்து பழம்தான் தின்றிருப்பாள், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் இருக்கும். என் வாழ்க்கையில் நான் செய்த பாவங்களிலெல்லாம் பெரியது மருந்து அடித்தது இல்லை, அந்த அரை மணி நேரம்தான். பொம்மையைக் கீழே வைத்தாள். எச்சில் ஒழுக ஆரம்பித்தது. நெற்றி வேர்த்தது. அப்புறம் வாந்தி எடுத்தாள், எழுந்து நிற்கப் பார்த்து மடங்கி உட்கார்ந்தாள். நான் "பிரபு" என்று போட்ட சத்தத்தில்தான் நீ எழுந்து ஓடி வந்தாய்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் டாக்டர் குழந்தையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "பூச்சிமருந்து மாதிரி இருக்கு. காலைல இருந்து என்ன சாப்பிட்டா?" என்று கேட்டார். ரேவதி ஒன்றுவிடாமல் சொன்னாள். இட்லி, நேற்று வண்டியில் வாங்கிய திராட்சை, தோட்டத்துப் பழம் நாலைந்து. "தோட்டத்துல என்ன அடிப்பீங்க?" என்றார் டாக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "எங்க நைனா மருந்தே அடிக்க மாட்டாரு டாக்டர். மோர் அடிக்கிற மனுசன் அவரு" என்றாய். அழுதுகொண்டே சொன்னாய், ஆனால் அந்த அழுகையிலும் உனக்கு என்னைப் பற்றி ஒரு பெருமை இருந்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார். குழந்தை எப்படியாவது பிழைக்க வேண்டும், என் பேரும் பிழைக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது பார், அந்த மூளையை என்ன சொல்வது! "திராட்சையாத்தான் இருக்கும் டாக்டர். கொத்தோட மருந்துல முக்கி எடுப்பானுங்க. பெரும்பாலும் இந்த மருந்துதான்" என்று நான் அடித்த மருந்தின் பெயரைத் தெளிவாகச் சொன்னேன்.

ஊசி போட்டார்கள். "பெரியவருக்கு விசயம் தெரிஞ்சிருக்கு, நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். நீ என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். பிறகு வராண்டாவுக்குப் போனாய். அங்கே பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். உன் மாமியார் அப்போதுதான் பட்டாபிராமிலிருந்து மூச்சிரைக்க வந்து நின்றார். "கழுவுனியாடி?" என்று கேட்டாய். "உப்புத் தண்ணில ஊறவெச்சி ரெண்டு தடவ கழுவுனேங்க" என்றாள் ரேவதி. "பொய் சொல்லாத. கழுவுனா எப்டிடி இப்டி ஆவும்? நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்றாய். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பதில் சொல்லவில்லை. நான் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மித்ரா இட்லி கேட்டு அழுதபோதுதான் எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. நீ வருகிறவர்களிடமெல்லாம் "நைனா மருந்து பேரு சொன்னதாலதான் புள்ள பொழைச்சிது" என்று சொன்னாய். என் தம்பி வீட்டிலிருந்து சாத்துக்குடியோடு வந்து என்னை வணங்காத குறையாகப் பேசிவிட்டுப் போனார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு இப்படி ஆனபின் மனசு வரவில்லை என்று சனிக்கிழமை இரவே குழுவில் எழுதி ஞாயிற்றுக்கிழமை வருகையை நிறுத்தியிருந்தேன், இப்போது கடைத் திராட்சையின் ஆபத்தைப் பற்றி நாலாவது ஆடியோவும் போட்டேன். ஆமாம், போட்டேன். குழுவில் நாற்பது பேர் நன்றி சொன்னார்கள். ராஸ்பெரியைக் கடப்பாரை போட்டு வேரோடு எடுத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ரேவதி மட்டும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஓய்வுக்கு என்று அம்மா வீட்டுக்குப் போனாள். நீ கூப்பிடவில்லை, அவளும் வரவில்லை.

உனக்குப் பத்து வயதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடிக் காயில் கருகிப் போனது. சுவிட்சைப் போட்டுவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் மறந்தவன் நான். வீட்டுக்குள் வந்ததும் "மோட்டாரப் போட்டது யாருடா?" என்று கத்தி உன்னை அறைந்தேன். நீ போடவில்லை என்று எனக்குத் தெரியும். நீயும் "நான் போடல நைனா" என்று ஒரு தடவைதான் சொன்னாய், அப்புறம் நீதான் போட்டாயோ என்று உனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து "இனிமே பாத்துப் போடறேன் நைனா" என்றாய். அம்மாவுக்கு அன்றே தெரியும். "புள்ள மேல போட்டுட்டியா? நல்லா கீதுய்யா உன் நாயம்" என்றாள். நான் இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டேன், அவள் அடங்கிவிட்டாள். சத்தம் போட்டால் கேள்வி நின்றுவிடும் என்பதை நீ வேறு எங்கேயும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை பிரபு. இந்த வீட்டில், என்னிடம்தான் கற்றுக்கொண்டாய். இதைவிடப் பெரிய புத்திமதி எனக்குச் சொல்லத் தெரியாது. எதிரில் இருப்பவர் வாயடைத்து நிற்கும்போது நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே. அப்போதுதான் நிறுத்தி, அவர் சொன்னதை இன்னொரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும். ரேவதி அன்று இரண்டு தடவை கழுவினேன் என்றாள். அது உண்மை.

வக்கீல் என்ற பேச்சு வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "பெத்த புள்ள உன்ன அப்பன்னு நம்பிக்கினு கீறான். நீ மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட போ. போய்ச் சொல்லிட்டு வந்து எங்கிட்ட பேசு" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

நேற்று காலை பட்டாபிராம் போனேன். ரேவதியின் அம்மா வெளியே போயிருந்தார். கதவைத் திறந்தவள், "இன்னா மாமா, நீங்க மட்டும் வந்துகீறீங்க?" என்று என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். நீ வந்திருக்கிறாயா என்று பார்த்தாள் என்பது எனக்குப் புரிந்தது. உள்ளே மித்ரா பொம்மைகளைப் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தாள். ரேவதி கொய்யாவை நறுக்கித் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். குழந்தை ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோய் நிறுத்தி, "கழுவுனியாமா?" என்று கேட்டது. "கழுவிட்டேன்டா." "எத்தினி வாட்டி?" "ஏழு வாட்டி." அதன் பிறகுதான் தின்றது. தட்டை வைத்த ரேவதியின் கையைப் பார்த்தேன். உப்புத் தண்ணீரிலேயே கிடந்து விரல் நுனியெல்லாம் வெடித்துத் தோல் உரிந்திருந்தது.

உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாவுப்பூச்சி, ஹெல்மெட், குழாயடி, அரை மணி நேரம், மருந்தின் பெயர். நான் முடித்ததும் அவள் சமையலறைக்குள் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள், வெளியே போகச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

"டாக்டர்கிட்ட மருந்து பேரு டக்குனு சொன்னீங்களே மாமா, அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்திச்சி. செடியப் புடுங்கும்போதும் இருந்திச்சி. ஆனா நீங்க பொய் சொல்லுவீங்கன்னு என் மனசுக்கு வரல. என்னத்தான் சந்தேகப்பட்டேன். ரெண்டு வாட்டி கழுவுனோமா, ஒரு வாட்டியான்னு. உப்பு போட்டமா இல்லியான்னு. ஏழு மாசமா தெனமும் அந்த திராட்சையத்தான் மனசுல கழுவிக்கினு கீறேன்" என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நான் அவள் எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் கூப்பினேன். "வேணாம் மாமா, கைய எறக்குங்க, பாப்பா பாக்குறா" என்றாள்.

பிரபுவிடம் இன்றே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "தனியா சொல்லாதீங்க. அவரு என்னத் தனியாக் கூப்ட்டுத் திட்டல. வராண்டாவுல நிக்க வெச்சித் திட்டுனாரு. எங்கம்மா நின்னாங்க. உங்க ஊட்டு சொந்தமெல்லாம் இன்னிக்கி வரைக்கும் என்ன அப்டித்தான் பேசுறாங்க. உங்க குரூப்புல திராட்சைனு ஆடியோ போட்டீங்க, எங்க சித்திக்கே அது வந்திச்சி. எல்லாரும் கேட்டத எல்லாருக்கும் சொல்லுங்க மாமா" என்றாள். அதனால்தான் இது ஊருக்குத் தெரியும் கடிதமாக ஆனது. இது அவள் எனக்கு விதித்த தண்டனை இல்லை, அவளுக்கு நான் திருப்பித் தர வேண்டியது. குழுவில் இருக்கும் நண்பர்களே, அந்த மருந்துப் பாட்டிலின் படத்தை இதோடு போடுகிறேன். என் ஆடியோக்களைக் கேட்டு என்னை நம்பினீர்கள், நான் ஏமாற்றியதற்கு மன்னியுங்கள். இனிமேல் அங்கே நான் எதுவும் சொல்லமாட்டேன், சொன்னாலும் கேட்காதீர்கள்.

பிரபு, நீ இதை ஆபீஸில் படிப்பாயோ, ரயிலில் படிப்பாயோ தெரியாது. என் மேல் உனக்கு வரும் கோபத்துக்கு நான் எந்தப் பதிலும் வைத்திருக்கவில்லை. என்னோடு பேசாமல் இரு, இந்த வீட்டை விட்டுப் போ, மித்ராவை இனி என் கையில் தராதே, எல்லாம் நியாயம்தான். ஆனால் அதை நாளைக்கு வைத்துக்கொள். இன்று சாயங்காலம் அம்பத்தூரில் ரயில் ஏறினால் ஆவடியில் இறங்காதே. நேரே பட்டாபிராம் போ.

போகும்போது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். நான் கிளம்பும்போது ரேவதி வாசல் வரை வந்து சொன்னது இது. "அவரு வந்தா வரட்டும். ஆனா 'எங்க நைனா ஏமாத்திட்டாரு, எனக்கு இன்னா தெரியும்'னு ஆரம்பிச்சாருன்னா அப்டியே திரும்பிப் போவச் சொல்லுங்க. உங்களப் பத்தி நீங்க சொல்லிட்டீங்க மாமா. அவரு அவரப் பத்திச் சொல்லட்டும்."

நான் படியிறங்கி வந்தேன். ரயிலில் வரும்போது அதையே யோசித்துக்கொண்டிருந்தேன், அவள் சொன்னது சரிதான். மருந்து அடித்தது நான். மறைத்தது நான். திராட்சை என்ற பொய் என்னுடையது. இவற்றில் ஒன்றையும் நீ சுமக்க வேண்டாம். ஆனால் "நீயெல்லாம் ஒரு அம்மாவா" என்று கேட்டவன் நீ. அந்தத் திராட்சைக் கதை முழுக்க உண்மையாகவே இருந்திருந்தாலும், அவள் ஒரு தடவைகூடக் கழுவாமலே கொடுத்திருந்தாலும், அதை நீ கேட்டிருக்கக் கூடாது.

உன் நைனா